கீப் என்ற வினைச்சொல்

விருதுநகரில் காலையில் பஸ் ஏறி, சிவகாசியில் இறங்கி, விஸ்வநத்தம் பக்கம் போகிற டவுன் பஸ்ஸைப் பிடித்தால் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்விடலாம். அரசு நடுநிலைப் பள்ளி. ஆறிலிருந்து எட்டு வரை ஆங்கிலம் நான்தான். திருத்தங்கலில் ஏறுகிற கூட்டத்தில் பாதிப் பேர் அச்சகத்துக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும், அவர்களைப் போன்றவர்களுடைய பிள்ளைகளும்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடப் பிரவுன் தாள் வாங்குவதில்லை. வீட்டில் யாராவது ஒருவர் அச்சகத்தில் இருப்பார். வண்ணம் பிசகிய பட்டாசு லேபிள் தாள்களைக் கொண்டுவந்து தருவார். ஆறாம் வகுப்பில் நோட்டுக் கட்டைத் திருத்த எடுத்தால் மேசை முழுக்க மயிலும் சிங்கமும் பூந்தொட்டியுமாக மினுங்கும். மயிலுக்கு மூக்கு ஓரிடத்திலும் சிவப்பு இன்னோரிடத்திலும் இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கில எச்சரிக்கை ஒன்று ஓடும். எட்ட நின்று கொளுத்து, ஈரம் படாமல் வை, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை என்று.

ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. பாடப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அவரவர் அட்டையிலிருந்து ஒரு ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொன்னேன். ஆளுக்கொன்று கத்தினார்கள். டேஞ்சர், ஃபயர், டிரை. அதிகம் பேர் அட்டையில் இருந்தது கீப். சரி, இன்றைக்கு இதுதான் என்று பலகையில் பெரிதாக எழுதினேன்.

அந்தச் சொல்லை நான் எப்போதும் ஆசையோடு நடத்துவேன். சாக்பீஸை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“இது புட். வச்சாச்சு. வேலை முடிஞ்சுபோச்சு.”

பிறகு அதே சாக்பீஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பேசாமல் நின்றேன். வகுப்பு காத்திருந்தது.

“இன்னமும் வச்சிருக்கேன். இப்பவும் வச்சிருக்கேன். இதுதான் கீப்.”

தமிழில் இரண்டுக்கும் வை என்றே சொல்லிப் பழகிவிட்டதால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும். வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது வேறு, கைவிடாமல் வைத்திருப்பது வேறு என்று இந்தச் சாக்பீஸ் விளையாட்டில் பிடிபட்டுவிடும். ஒரு பிள்ளை எழுந்து, “எங்க மாமா ஆடு வச்சிருக்காக டீச்சர்” என்றது. நல்ல உதாரணம் என்று எழுதிப்போட்டேன். மை அங்கிள் கீப்ஸ் கோட்ஸ்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருவன் கை தூக்கினான். முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, “டீச்சர், ஆளுகளுக்கும் கீப்னு சொல்லலாமா?” என்றான்.

வகுப்பே சிரித்தது. பதினோரு வயசுப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் இவ்வளவு தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒருவர் வீட்டில் மனைவி இருக்க, வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினால், அந்த இன்னொருத்திக்கு எங்கள் பக்கம் கீப் என்று பேர். அவளை அவன் வச்சிருக்கான் என்பார்கள். ஆங்கிலமே தெரியாதவர்கள்கூடச் சொல்லும் ஆங்கிலச் சொல் அது. சிரிப்பினூடே முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி திரும்பி இரண்டாவது பெஞ்சைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அங்கே ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிராமல் பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏலே, உக்காரு” என்று அவனை அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். கீப் கொயட், பேசாமல் இரு. கீப் வாக்கிங், நடந்துகொண்டே இரு. கீப் யுவர் வேர்ட், சொன்ன சொல்லைக் காப்பாற்று. ஒன்றொன்றுக்கும் நடித்துக் காட்டினேன். வகுப்பு மறுபடியும் பாடத்துக்குள் வந்துவிட்டது. அவள் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

மதியம் நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், இங்கிலீஷ்லயும் அந்த அர்த்தம் இருக்கா?”

“எந்த அர்த்தம்?”

“எங்க தெருவுல எங்கம்மாவச் சொல்வாகள்ல, அது.”

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் நாளைக்கே அவள் ஒரு அகராதியைப் புரட்டக்கூடும்.

“இருக்குடா. கடேசியில, சின்னதா இருக்கும். மொத அர்த்தம் அது இல்ல. பத்திரமா வச்சுக்கிடறது, விட்டுறாம பாத்துக்கிடறது, அதுதான் மொத.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்பாவுக்குச் சுகர் டீச்சர். மாத்திரையெல்லாம் அம்மாதான் எடுத்து வைக்கும். மறந்துருவாகன்னு டிபன் தட்டுலயே வச்சிரும்” என்றாள். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

அவள் அப்பா என்று சொன்னவர் அவளைப் பெற்றவர் இல்லை. பெற்றவன் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனவன், திரும்பவே இல்லை. அவளுடைய அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே போர்மேனாக இருந்தவர்தான் இவர். அவருக்கு ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தில் மனைவியும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு வீடு. சீசன் நேரத்தில் அதிகாலையிலேயே வேலை தொடங்கிவிடும் என்பதால் பெரும்பாலும் இங்கேயே தங்கிவிடுவார். பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறை வந்திருந்தார். அம்மாக்கள் நிறைந்த வகுப்பறையில் உள்ளே வராமல் சன்னல் ஓரமாகவே நின்றார். கூட்டம் முடிந்த பிறகு மெதுவாக வந்து, “இங்கிலீஷ் எப்படி படிக்கிது டீச்சர்? இந்தப் பிள்ள வெடிமருந்துப் பக்கமே வந்துறக் கூடாது” என்றார். கரியும் சாம்பலும் ஏறிப்போன நகங்கள். நன்றாகப் படிக்கிறாள் என்றேன். அதற்கே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

கீப் பாடத்துக்கு மறுநாள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஆடும் கோழியும் புறாவும் நிறைய வந்தன. அவள் முறை வந்தது. எழுந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“மை ஃபாதர் கீப்ஸ் ஹிஸ் வேர்ட்.”

“அர்த்தம் சொல்லு.”

“எங்க அப்பா சொன்னாச் சொன்னதுதான். ஞாயித்துக்கிழம வாரேன்னா வந்துருவாக. மழ பெஞ்சாலும் வந்துருவாக.”

சிரிக்கத் தயாராக இருந்த ஓரிரண்டு பேர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். வெரி குட் என்று சொல்லி உட்காரச் சொன்னேன். எஸ் சேர்த்திருக்கிறாள், ஒரு பிழை இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரங்கள் வந்தன. ஊர் முழுக்க லோடு லாரிகள். பிள்ளைகளும் பாதித் தூக்கத்தோடு வருவார்கள். வீட்டில் எல்லோரும் ஆர்டர் முடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள்.

ஒரு நாள் முற்பகலில், ஏழாம் வகுப்பில் இருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் தரை அதிர்ந்தது, பிறகுதான் சத்தம். சன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டது. இங்கே பிள்ளைகள் வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. தினமும் சோதனைக்கு வெடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் எந்தச் சத்தம் வேறு என்று அவர்களுக்குத் தெரியும். நான் சொல்லாமலே எல்லோரும் எழுந்து மேற்குப் பக்கச் சன்னலுக்குப் போனார்கள். வேலிக்கருவைக்கு அப்பால் வெள்ளையாக ஒரு புகை எழுந்து, மேலே போகப் போகக் கறுத்தது. யாரும் அழவில்லை. எந்தக் கம்பெனி என்பதை மட்டும் கணக்குப் போட்டார்கள். “எங்கம்மா அங்கன இல்ல, தெக்க” என்று ஒருத்தி சொன்னாள், பெருமூச்சோடு.

தலைமை ஆசிரியர் கேட்டைப் பூட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்தும், ஒரு தடவை தொட்டுப் பார்ப்பதற்காக வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் செருப்பில்லாமல் ஒருத்தி ஓடிவந்தாள். பாதம் முழுக்க முள் கீறல். முந்தானை இல்லை, எங்கேயோ மாட்டிக் கிழிந்திருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா. பெட்டி போடுகிற அறை தள்ளி இருந்ததால் தப்பித்திருந்தாள். மகள் வந்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா எங்கம்மா?” என்று மகள் கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். “அவுக மருந்து ரூமுக்குள்ள போனாக டீச்சர். நான் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றாள்.

மறுநாள் மதியத்துக்குமேல் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். நான் அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் இரண்டு சாவு வீடுகளில் பந்தல் போட்டிருந்தது. நாற்காலி, கூட்டம், அழுகை. இவள் வீட்டில் பந்தல் இல்லை. துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. கதவைச் சாத்தாமல் அம்மாவும் மகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க டீச்சர்” என்று அம்மா எழுந்தாள். “உடம்ப ஆலங்குளத்துக்குக் கொண்டு போயிட்டாகளாம். சாயங்காலம் எடுக்காக.”

“நீங்க போகலயா?”

“நான் எப்படிப் போக? அங்க அவுக வீட்டு ஆளுக நிப்பாக. என்னய யாருன்னு கேட்டா என்ன சொல்ல?” பிறகு மகளைக் காட்டினாள். “இது நேத்துல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அப்பாவப் பாக்கணும்ங்குது. நீங்க கூட்டிட்டுப் போவீகளா டீச்சர்? உங்க கூட வந்தா ஸ்கூல் பிள்ளன்னு நெனச்சுக்கிடுவாக.”

வேண்டாம் என்று சொல்ல எனக்குள் ஆயிரம் காரணம் இருந்தது. மகள் அதற்குள் எழுந்து முகம் கழுவி, யூனிபார்மைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஆலங்குளம் பஸ்ஸில் அவளைச் சன்னலோரம் உட்காரவைத்தேன். வெளியே சோளத் தட்டைகளும், தூரத்தில் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியும் போய்க்கொண்டிருந்தன. கிராமத்தில் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, கொட்டுச் சத்தம் வழி காட்டியது. மீசை இப்போதுதான் அரும்பிய ஒரு பையன் வாசலில் நின்றான். அவருடைய மூத்த மகன் என்று முகத்திலேயே தெரிந்தது.

“நீங்க யாரு?”

“விஸ்வநத்தம் பக்கத்துல ஸ்கூல் டீச்சர்.”

அவன் பார்வை பக்கத்தில் நின்றவள்மேல் இறங்கியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. “இத எதுக்கு இங்கன கூட்டிட்டு வந்தீக?” என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். அவனுக்கும் அழுது தொண்டை கட்டியிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “விடுலே. வரட்டும்.”

உள்ளே போனோம். முழுக்க வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு படம், அதற்கு மாலை. அவ்வளவுதான் பார்க்க இருந்தது. இவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மொகம் தெரியலயே டீச்சர்” என்றாள். சுற்றி இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

கால்மாட்டில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி கையை நீட்டினாள். “ஏ பிள்ள, இங்கன வா.”

இவள் போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். அடிப்பாளோ என்று எனக்குப் பயம். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

“நேத்துக் காலைல உங்க வீட்ல இருந்துதான வேலைக்குப் போனாக?”

தலையாட்டினாள்.

“என்ன சாப்பிட்டாக?”

“இட்லி. சுகர்னு அம்மா ரெண்டுதான் குடுக்கும். இன்னொண்ணு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக.”

“மாத்திர?”

“போட்டாக.”

“என்ன பேசுனாக? சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு.”

அவள் தேர்வில் கேள்விக்குப் பதில் சொல்கிறவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தாள். “தீவாளிக்கு என்ன கலர்ல பாவாட வேணும்னு கேட்டாக. மஞ்சன்னேன். செருப்பு தேஞ்சு போச்சு, கல்லு குத்துதுன்னாக. அப்புறம் பெரியண்ணனுக்குப் போன வருசம் எடுத்த சட்ட சின்னதாப் போச்சாம், இந்தத் தடவ கூடக் கூட்டிட்டுப் போயி அளவு பாத்துத்தான் எடுக்கணும்னாக.”

வாசலில் நின்ற பையன் சுவரோடு சாய்ந்து, முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

“வேற?” என்றாள் அந்த அம்மா. அழுதுகொண்டே கேட்டாள். “வேற என்ன சொன்னாக?”

“வாரேன்னாக. அம்புட்டுத்தான்.”

கொஞ்ச நேரம் அந்த அம்மா இவள் முகத்தையே பார்த்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, “கூட்டிட்டுப் போயிருங்க டீச்சர். எங்கண்ணன் தம்பிக வந்தா வேற மாதிரி ஆயிரும்” என்றாள். இவளிடம், “இனிமே நீ இங்கன வரக்கூடாது. என்ன?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். இவள் அதற்கும் தலையாட்டினாள்.

திரும்பி வந்தபோது அவளுடைய அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் நடந்ததையெல்லாம் மகள் சொன்னாள். முகம் தெரியவில்லை என்று சொன்னாள். இட்லியைப் பற்றிக் கேட்டதைச் சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அங்க அக்கா எப்படி இருக்காக? ரொம்ப மெலிஞ்சு போயிட்டாகளா?”

“எனக்குத் தெரியாதும்மா. இன்னைக்குத்தான பாத்தேன்.”

“ஆமால்ல” என்றாள் அம்மா. அப்புறம் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்புமாக. “இதக் கழட்டணுமா, போட்டுக்கிடலாமா, எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். சொல்லவும் ஆளு இல்ல. கழட்டுனா, உனக்கு எதுக்குடீ இதெல்லாம்னு கேப்பாக. போட்டிருந்தா, பாரு வளையலோட திரியிறான்னு சொல்வாக.”

வெயில் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆலங்குளத்தில் தூக்கியிருப்பார்கள் என்று தோன்றிய நேரத்தில் அவள் எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து, மகளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். தனக்கும் ஊற்றிக்கொண்டாள். அதுதான் அந்த வீட்டில் நடந்த சடங்கு. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்துப் பந்தலிலும் அழுகை கேட்டுக்கொண்டிருந்ததால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மகள் தீபாவளிக்குப் பிறகு பள்ளிக்கு வந்தாள். வகுப்பில் அப்பாவை இழந்தவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. யாரும் யாரையும் கேலி செய்கிற மனநிலையில் இல்லை. அவள் படித்தாள், எழுதினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கம்பெனிக்கு சீல் வைத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் அவளுடைய அம்மா வேலை கேட்டுப் போனால், அந்தப் போர்மேனின் ஆள்தானே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்று சொன்னாள். அரையாண்டு முடிந்ததும் அம்மா டிசி கேட்டு வந்தாள். திருப்பூரில் ஒரு உறவுக்காரி வீட்டில் மாடி அறை கிடைத்திருக்கிறதாம். மகள் என்னிடம் வந்து, “போயிட்டு வாரேன் டீச்சர்” என்றாள். நான் என் பேனாவைக் கொடுத்தேன். அப்போது அது எனக்கே அற்பமாகத் தோன்றியது.

அடுத்த ஆடியில் ஒரு நாள் போன் வந்தது. அம்மாதான் பேசினாள். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையாம். மகள் அங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாளாம், பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறாளாம், தினமும் ஒரு தடவையாவது ஊரைப் பற்றிப் பேசுவாளாம்.

“அங்க மழ பெஞ்சுச்சா டீச்சர்?”

“இல்லம்மா. காத்து மட்டும்தான் அடிக்குது.”

“நீங்க சாப்பிட்டீகளா? வீட்ல எல்லாரும் சொகமா?”

இப்படியே கொஞ்ச நேரம் பேசினாள். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அந்தக் கம்பெனியத் தொறந்துட்டாகளா டீச்சர்?” என்று கேட்டாள்.

திறந்துவிட்டார்கள். ஒரு மாதம் இருக்கும். கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காலையில் என் பஸ்ஸிலிருந்து அங்கே இறங்கிப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

“தொறந்துட்டாக” என்றேன்.

மெஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “வச்சிரட்டா டீச்சர்?” என்றாள். சரி என்றேன்.